பேய்க்கணவாயைத் தியாகியாக்காதீர்கள்

அன்னையர் தினம் வரும் வைகாசியில் ஒரு படம் தவறாமல் நம்மவர் கைபேசிகளில் ஊரத் தொடங்கும். கற்பொந்துக்குள் ஒரு பேய்க்கணவாய், அதாவது ஒக்டோபஸ். அதன் தலைக்கு மேல் கொத்துக் கொத்தாய் வெள்ளை முட்டைச் சரங்கள். கீழே இரண்டு வரி: பிள்ளைகள் பொரிக்கும்வரை ஒரு வாய் உண்ணாமல் காவலிருந்து, பொரித்ததும் கண்ணை மூடிவிடுகிறாளாம் இந்தத் தாய். ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிற நெடுந்தீவார் அதற்குக் கீழே கும்பிடும் கைகளை அடுக்குவார்கள். ஊரிலிருப்பவர்கள் அதை மற்றக் குழுக்களுக்குத் தள்ளிவிடுவார்கள். படத்தில் இருக்கும் அதே உயிரைக் கம்பியால் குத்தி எடுத்த கைகளும் அந்தக் கும்பிடுகளுக்குள் உண்டு என்பது வேறு கதை.

தாய் உண்ணாமல் இருப்பது உண்மை. முட்டை பொரிக்கிற காலத்தோடு சாவதும் உண்மை. பிள்ளைகளுக்காகச் சாகிறது என்பதுதான் பிழை. அது சின்னப் பிழையுமல்ல. வெளிநாடுகளில் வீட்டுத் தொட்டியில் ஒக்டோபஸ் வளர்ப்போர் பெருகிவரும் இந்தக் காலத்தில், அந்தப் பிழையை நம்பித்தான் ஆட்கள் ஒரு நோயாளியின் முன்னால் கைகட்டி நின்று கண்ணீர் விடுகிறார்கள்.

தாய் செய்கிற வேலையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நெடுந்தீவின் கரை முருகைக்கல். வீட்டு மதில்களும் அதே கல்லுத்தான். வத்து நேரம் முழங்காலளவு தண்ணீரில் நடந்து போனால், ஏதாவதொரு கல்லிடுக்கின் வாசலில் நண்டோட்டுத் துண்டுகளும் வெறும் சிப்பிகளும் சிதறிக் கிடக்கும். பேய்க்கணவாய் குடியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கம்பியோடு போகிறவரின் கண் கணவாயைத் தேடாது. அந்தக் குப்பையைத்தான் தேடும். முட்டையிட்ட பெட்டையின் பொந்தில் புதுக் குப்பை சேராது, ஏனென்றால் அது சாப்பிடுவதில்லை. கிடைக்கிற கற்களை இழுத்து வாசலையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே, கூரையில் ஒட்டிய முட்டைச் சரங்களை உறிஞ்சிகளால் ஓயாமல் தடவி, அழுக்கும் பாசியும் படியாமல் பார்க்கும். மூச்சுக் குழாயால் புதுத் தண்ணீரைப் பீய்ச்சும். தாயை அகற்றினால் பெரும்பாலும் முட்டைகள் பழுதாகிவிடும்.

பாக்கு நீரிணைக்கு அக்கரையில் இதைக் கவனித்து எழுதியவர்கள் உண்டு. மண்டபம் முகாமில் 1958இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் 1969ஆம் ஆண்டு இதழில், ஆர். சர்வேசன் என்ற ஆய்வாளர் பேய்க்கணவாய் இனங்களுள் ஒன்றின் தாய்ப் பராமரிப்பைப் பற்றித் தனியாகவே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இராமநாதபுரம் கரையிலே வெறும் சங்கோடுகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கிப் பேய்க்கணவாய் பிடிக்கும் தொழிலும் உண்டு. ஒளிந்திருக்க ஓர் இடம் கிடைத்தால் அது தானே வந்து புகுந்துகொள்ளும் என்பதில்தான் அந்தத் தொழிலே நிற்கிறது. இந்தக் கடலுக்குப் பேய்க்கணவாய் புதிதல்ல. தியாகக் கதைதான் புதிது.

தியாகம் என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றைக் காட்டியாக வேண்டும்: தாயின் சாவு பிள்ளைகளின் வாழ்வை வாங்கித் தருகிறது என்பதை. அதைக் காட்ட முடியாது.

முதலில் ஆணைப் பாருங்கள். ஆண் முட்டையைத் தொடுவதே இல்லை. புணர்ச்சிக் காலம் முடிந்ததும் அதுவும் சாப்பாட்டை விட்டுவிடுகிறது. தோல் மங்கி, வெள்ளைப் புண்கள் கிளம்பி, பட்டப்பகலில் இலக்கில்லாமல் திறந்த வெளியில் அலைந்து, விலாங்குக்கோ வேறொரு மீனுக்கோ இரையாகிறது. அன்னையர் தினப் படத்தில் அதற்கு இடமில்லை. தந்தையர் தினத்திலும் எவரும் அதைப் பகிர்ந்து நான் கண்டதில்லை.

அடுத்தது வெறும் முட்டை. என் அக்காவின் மகன் ரொறன்ரோவில் கலிபோர்னியக் கடலின் இருபுள்ளி ஒக்டோபஸ் ஒன்று வளர்த்தான். நான் விலங்கியல் படிப்பித்த வாத்தியார் என்பதால் என்னிடம் கேட்டான்.

“மாமா, இவ முட்டை போட்டாப் பிறகு சாப்பிடேல்லை. நண்டைக் குடுத்தாலும் தள்ளிவிடுறா. இங்கத்த ஆக்கள் அம்மா தியாகம் செய்யிறா, தொந்தரவு செய்யாதை எண்டுகினம்.”

“முட்டைக்குள்ள கறுப்பாக் கண் தெரியுதோ எண்டு பார் தம்பி.”

“இல்லை மாமா. பால் மாதிரி வெள்ளையாத்தான் கிடக்கு.”

கருக்கட்டிய முட்டையாக இருந்தால் சில வாரங்களில் ஓட்டினூடே குஞ்சின் கண்கள் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்துவிடும். அவனுடையது தனியே வளர்ந்த பெட்டை. முட்டைகள் வெறும் முட்டைகள். இருந்தும் அது அவற்றைத் தடவியது, தண்ணீர் பீய்ச்சியது, பட்டினி கிடந்தது, உடம்பு வற்றியது. தொட்டியில் வளர்ப்பவர்கள் பலர் கண்டிருக்கும் காட்சி இது. பிறக்கப் போகும் பிள்ளை ஒன்றுமே இல்லை. சாவு மட்டும் அச்சுப் பிசகாமல் வருகிறது. யாருக்காகத் தியாகம்?

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு குடும்பத்தின் ஒக்டோபஸ் முட்டையிட்டது. வெறும் முட்டை என்றே நினைத்திருந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது குஞ்சுகள் பொரித்தன. ஆணின் விந்தைப் பெட்டை உடம்புக்குள் நெடுநாள் சேமித்து வைக்கக்கூடியது. 2024இல் உலகமே அந்தக் குடும்பத்தின் காணொளிகளைப் பார்த்து உருகியது. கருக்கட்டிய முட்டை வைத்த அந்தத் தாயின் உடலும், வெறும் முட்டை வைத்த ரொறன்ரோத் தாயின் உடலும் ஒரே கட்டளைக்குத்தான் கீழ்ப்படிந்தன.

அந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே தெரிந்த விடயம். ஒக்டோபஸின் மூளைக்கும் பார்வை மடல்களுக்கும் இடையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜெரோம் வொடின்ஸ்கி, முட்டையிட்டுக் காவலிருந்த பெட்டைகளின் அந்தச் சுரப்பிகளை வெட்டி அகற்றினார். 1977இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த முடிவு இது: அவை முட்டைகளைக் கைவிட்டன, மறுபடி சாப்பிட்டன, உடல் தேறின, சாக வேண்டிய காலத்தைக் கடந்து நெடுநாள் உயிரோடிருந்தன. தியாகம் என்று நாம் கும்பிட்டதைச் சத்திரசிகிச்சைக் கத்தி ஒன்று நிறுத்திவிட்டது.

2018இலும் 2022இலும் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் கிளிஃப்டன் ராக்ஸ்டேலும் யான் வாங்கும் சக ஆய்வாளர்களும் அதே சுரப்பிக்குள் இன்னும் ஆழமாகப் போனார்கள். முட்டையிட்ட பிறகு அங்கே கொலஸ்திரோலைச் சார்ந்த இரசாயனங்களின் உற்பத்தி தலைகீழாக மாறுகிறது. அவற்றுள் ஒன்று 7-டீஹைட்ரோகொலஸ்திரோல். மனிதரில் பிறவியிலேயே இந்தப் பொருள் அளவுமீறித் தேங்கும் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற நோயுள்ள பிள்ளைகளிடம், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் காணப்படுகிறது. தொட்டியில் முட்டை காக்கும் ஒக்டோபஸ்களும் கடைசிக் கட்டத்தில் கண்ணாடியில் மோதும். தம் தோலைத் தாமே உரசிப் புண்ணாக்கும். கைநுனிகளைத் தாமே கடித்துத் தின்னும். இந்த ஒற்றுமையிலிருந்து ஆய்வாளர்கள் அவசரமாக ஒரு முடிவுக்கும் வரவில்லை, நானும் வரவில்லை. ஆனால் தன் கையைத் தானே தின்னும் உயிரைக் காட்டி, பார் அம்மாவின் பாசத்தை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு நா எழாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வாதம் மிஞ்சும்: சுரப்பி என்றால் என்ன, மனிதத் தாயின் பாசமும் சுரப்பிதானே, காவல் இருக்கிற வரையில் சாவும் அதற்குள் அடங்கியதுதானே. வலுவான வாதம்தான். பதில் பனாமாவிலிருந்து வருகிறது. ஆர்க்காடியோ ரொடானிச்சே என்ற உயிரியலாளர் அங்கே பசிபிக் கரையில் வரிகள் நிறைந்த ஓர் ஒக்டோபஸ் இனத்தைக் கண்டார். அது கூட்டமாக வாழ்ந்தது. ஆணும் பெண்ணும் வாயோடு வாய் பொருந்தப் புணர்ந்தன. பெட்டை ஒரு தடவையோடு நிற்காமல் மறுபடி மறுபடி முட்டையிட்டது; காவலிருந்தபடியே சாப்பிட்டது. அவர் எழுதியதை எவரும் நம்பவில்லை. ஒக்டோபஸ் அப்படிச் செய்யாது என்பதுதான் அறிஞர்களின் ஒரே பதில். 1991இல் ஒரு சுருக்கம் மட்டும் அச்சேறியது. பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ரோய் கோல்ட்வெல் அதே இனத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்து, 2015இல் ரொடானிச்சேயையும் சக ஆசிரியராகச் சேர்த்துக் கட்டுரை வெளியிட்டார். பெட்டைகள் மாதக்கணக்கில் முட்டையிட்டன, இரையும் தின்றன. ரொடானிச்சே சொன்னது சரிதான்.

இதற்குப் பிறகு, காவலும் சாவும் ஒன்றுதான் என்று சொல்ல இடமில்லை. காவல் வேறு, சாவு வேறு. பெரும்பாலான இனங்களில் இரண்டும் ஒரே சுரப்பியில் பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஏன் அப்படி அமைந்தது என்பதற்கு ஊகங்கள் உண்டு. ஒக்டோபஸ்கள் தம் இனத்தையே தின்னக் கூசாதவை. மூத்தவை ஒதுங்கினால்தான் இளையவை தப்பும் என்பது அந்த ஊகங்களுள் ஒன்று. அது சரியாகவே இருந்தாலும், பிள்ளையைத் தின்றுவிடாதபடி தாயை அகற்றும் ஏற்பாட்டைத் தாய்மைக்குச் சாட்சியாகக் கும்பிடுவது விநோதம்.

ஆழ்கடல்காரர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும். கலிபோர்னியாவின் மொன்ரரே பள்ளத்தாக்கில் சுமார் 1,400 மீற்றர் ஆழத்தில் ஒரு பெட்டை ஒரே பாறையில் 53 மாதங்கள் முட்டை காத்ததை ஆய்வாளர்கள் 2007 முதல் 2011 வரை திரும்பத் திரும்ப இறங்கிப் பார்த்தார்கள். நான்கரை வருடப் பட்டினி தியாகமில்லையா? குளிர் செய்யும் வேலை அது. தண்ணீர் குளிர்ந்தால் கரு மெல்ல வளரும், தாயின் உடலும் மெல்லத் தேயும். அதே கரைக்கு அப்பால், வெதுவெதுப்பான ஊற்றுகள் கசியும் ஓர் ஆழ்கடல் மேட்டில் ஆயிரக்கணக்கான ஒக்டோபஸ்கள் கூடி முட்டை காப்பது 2018இல் தெரியவந்தது. அந்தச் சூட்டில் காவற்காலம் இரண்டு வருடத்துக்கும் குறைவு. அங்கே இருக்கும் தாய்களின் பாசம் பாதியாகிவிட்டது என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

நான் ஏன் இத்தனை கோபமாக எழுதுகிறேன்? ஒரு கணவாயைப் பற்றிய தவறான கருத்தால் யாருக்கு என்ன நட்டம்? தியாகம் என்று பெயரிட்டவுடன் பக்கத்தில் நிற்பவரின் கடமை கழன்றுவிடுகிறது. நட்டம் அதுதான். நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்ற அம்மாமாரைப் பற்றி எத்தனை உருக்கமான பேச்சுகள் கேட்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்கு ஒரு கோப்பை சோறு முதலில் எடுத்து வைத்திருக்கலாமே என்று பேசினவர் எத்தனை பேர்? குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாய்க்கென்று கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவை வீட்டார் பங்கு போட்டுத் தின்ன, அவள் வாய் திறக்காமல் இருந்தால், அதற்கும் நாம் வைத்திருக்கும் பெயர் பாசம்தான். பட்டினியைப் புகழ்பவர்கள் பட்டினி கிடப்பவர்கள் அல்ல.

கடலிலும் இதே கதை. நெடுந்தீவுக் கடல் என்றால் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு மீனவர் கைது. நமக்கு இழுவைமடி அரித்துப் போன கடலடி. கடலடியை அரிக்கும் இழுவை முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது, படகுகள் நின்றபாடில்லை. இழுவைமடி போகும் வழியில் கல்லும் சங்கோடும் புரளும்போது, அதற்குள் முட்டை காக்கும் பேய்க்கணவாய்க்கு ஏது இடம்? அன்னையர் தினப் படத்தைப் பகிர்கிறவர்களில் இதைக் கேட்டவர் எவரையும் நான் அறியேன். மடகஸ்கரின் அண்டவடோக்கா என்ற கிராமத்தார் வேறுவிதமாக யோசித்தார்கள். 2004 முதல் தங்கள் பாறைத் திட்டுகளில் சிலவற்றைச் சில மாதங்களுக்கு மூடிவைத்து, பேய்க்கணவாய் பெருக்கவும் முட்டையிடவும் விட்டு, திறந்த பிறகு பெரிய கணவாய்களாகப் பிடித்தார்கள். அயற்கிராமங்கள் பார்த்துப் பின்பற்றின. அவர்கள் கும்பிடவில்லை, இடம் விட்டார்கள். நானும் கணவாய்க் கறி சாப்பிடுகிறவன்தான். நெடுந்தீவில் ஒரு திட்டை அப்படி மூடிப் பார்க்க நம் கடற்றொழிலாளர் சங்கங்கள் முன்வந்தால் முதலில் கைதட்டுகிறவனும் நான்தான்.

மறுபடி தொட்டிக்கு வருவோம்; அங்கேதான் கைகட்டி நிற்பவர்கள் அதிகம். “இயற்கை அது, நாம் தலையிடக் கூடாது” என்கிறார்கள். கடலுக்குள் இயற்கை சரி. கடலில் பிடித்து, விமானத்தில் ஏற்றி, கண்ணாடிப் பெட்டியில் உப்புக் கரைத்த தண்ணீரில் விட்டு, வெப்பநிலையையும் வெளிச்சத்தையும் இரையையும் நாமே தீர்மானித்த பிறகு, கடைசி மாதத்தில் மட்டும் இயற்கையிடம் பொறுப்பை ஒப்படைப்பது வசதியான நழுவல். தண்ணீர் சூடானால் அதன் ஆயுளே குறுகும். நாம் முதல் நாளே தலையிட்டாயிற்று.

முட்டை போட்ட ஒக்டோபஸுக்குச் செய்யக்கூடியவை உண்டு. காவலின் தொடக்க நாட்களில் சில இன்னும் சாப்பிடும். இடுக்கியின் நுனியில் ஓர் இறாலையோ நண்டுக்காலையோ கைக்கு எட்டுகிற தூரத்தில் நீட்டலாம். தள்ளிவிட்டால் எடுத்துவிட வேண்டும். அழுகிய இரை தண்ணீரைக் கெடுக்கும். வெளிச்சத்தைக் குறைக்கலாம், பார்க்க வருகிறவர்களைக் குறைக்கலாம். வெறும் முட்டை என்று தெரிந்தாலும் பறிக்கத் தேவையில்லை. பறித்தால் சுரப்பி நின்றுவிடாது. இதனால் சாவு தள்ளிப்போகும் என்று நான் சொல்லவில்லை. பட்டினியைத் தெய்வீகம் என்று நினைக்கிறவர் இந்தச் சின்ன வேலைகளைக்கூடச் செய்ய மாட்டார் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் கடலில் கொண்டுபோய் விடச் சொல்லும். ரொறன்ரோவில் எந்தக் கடல்? நெடுந்தீவிலேயே பிடித்து வைத்திருந்தாலும், அந்த நிலையில் நிறம் மாற்றவும் ஒளியவும் வலுவிழந்த உடம்போடு தண்ணீரில் விட்டால், அது விடுதலை ஆகாது. நம் கண்ணுக்கு மறைவாகச் சாக விடுவது அது.

கடைசிக் கட்டத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. முட்டையை விட்டு அகன்று அலையும். தோல் சாம்பல் வெள்ளையாகி, கிழிந்து, ஆறாது. கைகள் சொன்னபடி கேளாமல் சுருளும். சிலவற்றில் கைநுனிகள் காணாமற் போயிருக்கும். வலிக்குமா என்று கேட்பவர்களுக்கு: சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரொபின் குரூக் 2021இல் வெளியிட்ட பரிசோதனையில், எரியும் அமிலம் ஏற்றப்பட்ட ஒக்டோபஸ்கள் அந்த இடத்துத் தோலைக் கடித்துரித்தன, வலி கண்ட அறையைத் தவிர்த்தன, மரத்துப்போகும் மருந்து கிடைத்த அறையை நாடின. பிரித்தானியா 2022இல் இயற்றிய விலங்குநலச் சட்டத்தில் கணவாய் இனங்களை உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்தது. உணர்வுள்ளது என்று ஒப்புக்கொண்டால் அதன் கடைசி வாரங்களுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். மக்னீசியம் குளோரைட்டுக் கரைசலில் மெல்ல மயக்கி, உணர்விழந்தபின் உயிரை முடிக்கும் முறை ஆய்வுகூடங்களில் உள்ளது. மிருக வைத்தியர் செய்ய வேண்டிய வேலை. உறைபெட்டிக்குள் வைப்பதும் நல்ல தண்ணீரில் போடுவதும் கொடுமை.

“மாமா, கொல்லச் சொல்லுறியளோ?” என்று மருமகன் கேட்டான். ஓம் என்றேன். தியாகம் முழுமையாக வேண்டாமா என்று அவனுடைய நண்பர்கள் கேட்டார்களாம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நாய் படுத்த படுக்கையில் நாள்கணக்காய் ஓலமிட்டால் இதே நண்பர்கள் வைத்தியரிடம் ஓடுவார்கள். அதை எவரும் தியாகம் என்று சொல்லித் தடுப்பதில்லை.

வைத்தியரைக் கண்டுபிடிக்கத்தான் பட்ட பாடு. நாய் பூனை பார்க்கிறவர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் மீன்களுக்கும் வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனான். பிறகு, வாங்கிய கடை குறைந்த விலைக்கு இன்னொன்று தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு என்ன வயது என்று கேட்கச் சொன்னேன். கடைக்காரருக்குத் தெரியாது, கடலில் பிடித்தது. இருபுள்ளி ஒக்டோபஸின் முழு ஆயுளே ஒன்றரை, இரண்டு வருடம். வளர்ந்ததை வாங்கினால் கையில் இருப்பது சில மாதங்களாகவும் இருக்கலாம். மருமகன் தொட்டியை விற்றுவிட்டான். வாங்க வந்தவரும் ஒக்டோபஸ் விடத்தான் போகிறாராம். தொட்டியோடு சேர்த்து அந்த வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.